உறைந்த தோள்: கையால் ஆராய்ந்து கையால் சிகிச்சை செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் தோள்நோவுடன் இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபிக்கு) வருகிறவர்களில் பலர் ஒரே சொற்றொடரைச் சொல்லிக்கொண்டுதான் கதிரையில் அமர்கிறார்கள்: "கை தூக்க ஏலாது." சல்லியில் கரைவலை இழுப்பவரும், தொழுகையில் தக்பீர் கட்டக் கை உயராமல் தவிக்கும் கிண்ணியா உம்மாவும், கரும்பலகையின் மேல் வரியை எட்ட முடியாத உவர்மலை ஆசிரியையும் இதே சொற்களையே சொல்கிறார்கள். ஆனால் ஒருவருக்குத் தசைநாண் கிழிந்திருக்கலாம், இன்னொருவருக்கு மூட்டுறை சுருங்கியிருக்கலாம், மற்றவருக்குத் தோளில் ஒன்றுமே இல்லாமல் கழுத்திலிருந்து நோ இறங்கிக்கொண்டிருக்கலாம். மூவருக்கும் ஒரே வெப்ப ஒத்தடத்தையும் ஒரே கப்பிக் கயிற்றுப் பயிற்சியையும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது மாற வேண்டும் என்பதற்காகவே, பயிற்சியிலுள்ள மாணவர்களையும் தனியாகப் பணியாற்றத் தொடங்கியுள்ள இளம் இயன்மருத்துவர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

எல்லாத் தோள்நோவையும் பற்றி எழுதாமல், தோள்மூட்டைச் சுற்றி மூடியிருக்கும் மூட்டுறை சுருங்கித் தோள் இறுகிப்போகும் உறைந்த தோள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொட்மன் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் 1934இல் இப்பெயரை வழங்கினார். இன்னோர் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணரான நெவையாசர் 1945இல் மூட்டுறையின் அழற்சியையும் சுருக்கத்தையும் விவரித்தார். நாற்பது வயதுக்கும் அறுபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம், அவர்களிலும் பெண்களிடம், இது அதிகம் காணப்படுகிறது. பாடநூல்களின் கணக்குப்படி பொதுமக்களில் 2 முதல் 5 சதவீதத்தினருக்கு வரும் இந்நோய், நீரிழிவு உள்ளவர்களில் 10 முதல் 20 சதவீதத்தினருக்கு வருகிறது. சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையிலுள்ள நம் ஊர்களில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதற்படி: நோவின் சொல்லைக் கேட்டல்

தொடுவதற்கு முன் குறைந்தது பத்து நிமிடம் கேளுங்கள். நம் பேச்சுத் தமிழில் நோவுக்குப் பல சொற்கள் இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் மருத்துவத் தகவலாகும். "உளையுது" என்பவர் பெரும்பாலும் ஆழத்திலிருந்து எழும், இடம் குறிப்பிட்டுக் காட்ட முடியாத மூட்டு நோவைச் சொல்கிறார். "விறைக்குது" என்றால் நரம்பை நினையுங்கள். "கரண்ட் அடிச்ச மாதிரி" என்று கழுத்திலிருந்து விரல் வரை கோடு போட்டுக் காட்டினால் கழுத்தை முழுமையாகப் பரிசோதிக்காமல் தோளில் கை வைக்கக் கூடாது. உள்ளங்கையால் மேற்கையின் வெளிப்புறத்தை மூடிப் பிடித்து "இந்தப் பக்கம் முழுக்க" என்று காட்டுகிறவரின் நோ பெரும்பாலும் தோள்மூட்டிலிருந்தோ அதைச் சுற்றிய தசைநாண்களிலிருந்தோ வருகிறது.

பிறகு நான்கு விடயங்களைக் கேட்டே ஆக வேண்டும். நோ எப்படித் தொடங்கியது, விழுந்ததாலா அல்லது காரணமின்றி மெல்ல மெல்லவா? இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடிகிறதா, எத்தனை தடவை விழிப்பு வருகிறது? கையை ஒருமுறை வேகமாக அசைத்துவிட்டால் நோ எவ்வளவு கூடுகிறது, அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது? நீரிழிவு, தைரொயிட் கோளாறு, அண்மைய மார்பக அறுவைச் சிகிச்சை, கையை நீண்ட நாள் கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் போட்டிருந்தமை ஆகியவற்றில் ஏதேனும் உண்டா? மூன்றாவது கேள்வியே சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்கப் போகிறது. பலர் அதைத்தான் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எந்தச் செயல் முடியவில்லை என்பதை நோயாளியின் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "தலைமுடியைக் கொண்டை போட ஏலாது", "கோணேசர் கோயிலில தலைக்கு மேல கை கூப்பிக் கும்பிட ஏலாது", "சட்டைக் கொக்கியைப் பின்னால மாட்ட ஏலாது" என்ற வரிகள் ஆறு வாரம் கழித்து எந்தக் கோணமானியையும்விடத் தெளிவாக முன்னேற்றத்தைக் காட்டும்.

கேட்டு முடிந்ததும், தொடுவதற்கு முன், உங்கள் ஊகங்களை வரிசைப்படுத்திக் குறிப்பில் எழுதுங்கள். முதல் ஊகம், இரண்டாவது ஊகம், தவறவிடக் கூடாதது என்று மூன்று வரி போதும். எழுதாமல் பரிசோதனைக்குப் போனால், தேடுவது கிடைக்கும் வரை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுவோம்.

கை வைக்கக் கூடாத தோள்கள்

சில தோள்கள் நம் மேசைக்கு வரும் முன்பே திருப்பி அனுப்பப்பட வேண்டியவை. இடது தோள்நோ நடந்தால் கூடி, இருந்தால் அடங்கி, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் அது இதயத்துக்குரியது. அவரை உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். காய்ச்சலுடன் சிவந்து சூடேறிய மூட்டு, காரணமில்லாத எடைக்குறைவுடன் எந்த நிலையிலும் ஓயாத இரவு நோ, புகைப்பவரின் தோள்நோவுடன் கைச் சிறுதசைகள் மெலிதல், இரு தோளும் இரு இடுப்பும் காலையில் ஒருசேர இறுகுதல் ஆகியவற்றை மருத்துவர் பார்க்காமல் நாம் தொடக் கூடாது.

பிறவற்றைவிட அதிகமாகத் தவறவிடப்படும் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வலிப்பு வந்தபின்னரோ மின்சாரம் தாக்கியபின்னரோ தோள் பின்னோக்கி விலகி அங்கேயே பூட்டிக்கொள்ளலாம். அத்தோளில் வெளிச்சுழற்சி, அதாவது முழங்கையை உடலோடு வைத்து முன்கையை வெளியே திருப்பும் அசைவு, அறவே இராது. உறைந்த தோளிலும் முதலில் இழக்கப்படுவது வெளிச்சுழற்சியே. முன்பக்கமிருந்து மட்டும் எடுத்த எக்ஸ்ரே ஏறத்தாழ இயல்பாகவே தோன்றக்கூடும், அக்குள் வழியாக எடுக்கும் படம்தான் உண்மையைக் காட்டும். ஆகவே "வயர் பிடிச்சுத் தூக்கி அடிச்சது, அதுக்குப் பிறகுதான்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் படம் கைக்கு வரும் வரை மூட்டை அசைத்துப் பார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: மறைப்பு, அனுமதி, பார்வை

தோளைத் திறந்து பார்க்காமல் தோளைப் பரிசோதிக்க முடியாது. ஆனால் சேலையோ அபாயாவோ அணிந்து வரும் பெண்ணிடம் "கழற்றுங்கோ" என்று சொல்வது பரிசோதனையின் நல்ல தொடக்கமாகாது. என்ன செய்யப் போகிறேன், ஏன் செய்கிறேன், எங்கே தொடுவேன் என்பதை முதலில் சொல்லி, திரை இழுத்து, துணிவிரிப்புக் கொடுத்து, பெண் உதவியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, "அம்மா, நோ கூடினால் உடனே சொல்லுங்கோ, நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்" என்று உறுதி கூறுங்கள். கூறியபடி நிறுத்தவும் வேண்டும். பயந்து இறுகிய தசைகளுக்கு ஊடாக மூட்டுறையை உணர எவராலும் இயலாது.

முன்னும் பின்னும் நின்று பாருங்கள். கை உயரும்போது தோள்பட்டை என்பு காதை நோக்கி எழும்புகிறதா? அப்படி எழும்பினால் மூட்டு அசையாததை அது ஈடுசெய்கிறது. தோள்பட்டை என்பின் பின்பக்க வரம்புக்கு மேலும் கீழும் உள்ள தசைக் குழிகள் ஆழ்ந்திருந்தால், பழைய தசைநாண் கிழிவையோ நரம்புப் பாதிப்பையோ நினையுங்கள்.

மூன்றாம் படி: வெளிச்சுழற்சியை அளத்தல்

இந்த ஒரு பரிசோதனையை நன்றாகச் செய்யக் கற்றால் பாதி வேலை முடிந்தது.

நோயாளியை மல்லாந்து படுக்க வையுங்கள். மேற்கை உடலோடு ஒட்டியிருக்க, முழங்கையை 90 பாகைக்கு மடித்து, முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் மடித்த சிறு துவாயை வையுங்கள். முதலில் அவராகவே முன்கையை வெளியே திருப்பட்டும். பிறகு நீங்கள் ஒரு கையால் முழங்கையை உடலோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டைத் தாங்கி, மெல்ல வெளியே கொண்டுபோங்கள். இரண்டு அளவுகளையும் கோணமானியால் அளந்து, நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

அவராகத் திருப்பும்போதும் நீங்கள் திருப்பும்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றால், தடை மூட்டுக்குள் இருக்கிறது. நல்ல பக்கத்தின் பாதிக்கும் குறைவாக இருந்து, எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்வோ விலகலோ இல்லையென்றால், உறைந்த தோள் என்ற ஊகம் மிகவும் வலுப்பெறுகிறது. அவரால் திருப்ப முடியாமல் நீங்கள் திருப்பும்போது முழுமையாகச் சென்றால், தசைநாண் கிழிவோ நரம்பின் பாதிப்போ இருக்கக்கூடும். நீங்கள் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் கை நிற்காமல் உள்ளே திரும்பி விழுந்தால், பெரிய கிழிவின் அடையாளம் அது.

அளவைவிட முக்கியம் அந்த அசைவு எப்படி முடிகிறது என்பதாகும். சுருங்கிய மூட்டுறை, ஈரத்தில் நனைந்து காய்ந்த தடித்த தோலை இழுப்பதுபோல், சிறிது கொடுத்து உறுதியாக நிற்கும். தசை இறுக்கம் அப்படியல்ல. நோ எட்டும் முன்னரே துடித்துப் பிடித்துக்கொள்ளும், மூச்சை வெளியே விடச் சொன்னால் சில பாகை விட்டுக்கொடுக்கும். அந்தச் சில பாகையை மூட்டுறையின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பயந்த நோயாளியிடம் நான் எப்போதும் மூன்று மூச்சு காத்திருந்த பின்னரே அளவை எழுதுகிறேன்.

பக்கவாட்டில் தூக்குவதையும், கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகெலும்பில் பெருவிரல் எட்டும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். வெளிச்சுழற்சி அதிகமாகவும், பக்கவாட்டுத் தூக்கல் அதற்கடுத்தும், உட்சுழற்சி அதற்குக் குறைவாகவும் இழக்கப்படும் வரிசையை ஆங்கிலேய மருத்துவர் சிரியாக்ஸ் மூட்டுறையின் அடையாளமாக விவரித்தார். நடைமுறையில் எல்லோரிடமும் இந்த ஒழுங்கு அப்படியே அமைவதில்லை, அதனால் வரிசை பிசகினாலே நோய்நிர்ணயத்தைக் கைவிட வேண்டியதில்லை.

கழுத்தை மறந்துவிடாதீர்கள். கழுத்தை அதே பக்கம் சரித்துப் பின்னால் வளைக்கும்போது கைக்கு நோ ஓடுகிறதா, முழங்கை மடக்கும் தசையின் அனிச்சை குறைந்திருக்கிறதா, மேற்கையின் வெளிப்புறத்தில் உணர்வு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் போட்டில் செல்லும் மீனவர் ஒருவர் என்ஜினின் இழுகயிற்றைச் சுண்டி இழுத்ததிலிருந்து தோள்நோ என்று சொன்னால், நம் கண் இயல்பாகவே தோளில் நிற்கும். ஆனால் அந்த இழுப்பில் உடலும் கழுத்தும் சேர்ந்து திரும்புகின்றன. நின்றபடி அந்த இழுப்பைச் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பது அரை மணி நேரக் கேள்விகளுக்குச் சமம்.

நான்காம் படி: மூட்டின் சீற்றத்தை அளத்தல்

நோயின் பெயர் தெரிந்தவுடன் சிகிச்சை தெரிந்துவிடாது. அதே உறைந்த தோள் ஒருவரிடம் சீறிக்கொண்டும் இன்னொருவரிடம் அடங்கியும் இருக்கும். 2013இல் வெளியான அமெரிக்க எலும்பியல் இயன்மருத்துவ வழிகாட்டல் இதை மூன்றாகப் பிரிக்கிறது. பத்தில் ஏழும் அதற்கு மேலுமான நோ, தொடர்ந்த இரவு நோ, அசைவின் எல்லைக்கு முன்பே நோ என்றால் சீற்றம் அதிகம். நான்கு முதல் ஆறு வரை, எல்லையில் நோ என்றால் நடுத்தரம். மூன்றும் அதற்குக் குறைவும், எல்லையில் மேலும் அழுத்தினால் மட்டுமே நோ என்றால் குறைவு.

இதை நான் கற்றது நூலிலிருந்து அல்ல. பணியின் தொடக்க காலத்தில், இரவில் உறங்க முடியாத ஓர் அம்மாவின் தோளை, இறுக்கம் விட வேண்டும் என்ற ஆர்வத்தில், எல்லை வரை கொண்டுபோய் அழுத்தினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லை பிள்ளை, செய்யுங்கோ" என்றார். அந்தச் சொல்லை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த மூன்று இரவும் அவர் சுவரில் சாய்ந்து இருந்தபடியே விடியலைக் கண்டதாக அவருடைய மகள் வந்து சொன்னாள். அவர் மீண்டும் வரவில்லை. நம் மக்கள், மூத்தவர்கள் குறிப்பாக, நோவைப் பொறுப்பதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணுகிறார்கள். ஆகவே வாய் சொல்வதோடு நில்லாமல் புருவத்தையும், மறு கையின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றும் விதத்தையும், நின்றுபோகும் மூச்சையும் பாருங்கள்.

2004இல் நெதர்லாந்தில் டீர்க்ஸும் ஸ்டீவன்ஸும் 77 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. நோவின் எல்லைக்குள் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினர் இயல்பான அல்லது இயல்பை ஒட்டிய தோள் செயற்பாட்டைப் பெற்றனர். நோவைத் தாண்டி வலிந்து இழுக்கப்பட்டவர்களில் அப்படிப் பெற்றவர்கள் 63 சதவீதமே.

ஐந்தாம் படி: கைமுறைச் சிகிச்சை

அவுஸ்திரேலிய இயன்மருத்துவர் மெயிட்லண்ட், மூட்டைக் கையால் அசைப்பதற்கு வகுத்த நான்கு தரங்களை நினைவில் கொள்ளுங்கள். முதல் தரம் அசைவின் தொடக்கத்தில் மிகச் சிறிய ஆட்டம். இரண்டாம் தரம் தடையை எட்டாத பெரிய ஆட்டம். மூன்றாம் தரம் தடைக்குள் செல்லும் பெரிய ஆட்டம். நான்காம் தரம் தடையிலேயே நின்று செய்யும் சிறிய ஆட்டம். சீற்றம் அதிகமான தோளுக்கு ஒன்றும் இரண்டும் மட்டுமே உரியவை. அங்கே நோக்கம் நோவை அடக்குவது, இறுக்கத்தை விடுவிப்பதல்ல. சீற்றம் அடங்க அடங்க மூன்றுக்கும் நான்குக்கும் செல்லுங்கள்.

வெளிச்சுழற்சியை மீட்க நான் அதிகம் பயன்படுத்துவது மேற்கை என்பின் தலையைப் பின்னோக்கி வழுக்குதல் ஆகும். மாணவர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு, ஏனெனில் நோர்வே நாட்டவரான கால்டன்போர்னின் குவிவு குழிவு விதிப்படி (குழியில் அசையும் குவிந்த என்புத் தலை, கை செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் வழுக்கும் என்ற விதி) வெளிச்சுழற்சிக்கு முன்னோக்கியே வழுக்க வேண்டும். ஆனால் 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, உறைந்த தோளில் பின்னோக்கிய வழுக்கலே வெளிச்சுழற்சியை அதிகம் கூட்டியதாகக் காட்டியது. ஒரு சிறிய ஆய்வை வேதமாக எடுக்க வேண்டியதில்லை. எனினும் உங்கள் நோயாளியிடம் இரண்டையும் வெவ்வேறு நாளில் செய்து, முன்னும் பின்னும் அளந்து, எது அவருக்கு உதவுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இது. நோயாளி மல்லாந்து, தோள் மேசை விளிம்பை ஒட்டியிருக்கப் படுக்கட்டும். தோள்பட்டை என்பின் கீழ் மடித்த துவாயை வைத்து அது பின்னால் நழுவாதபடி தாங்குங்கள். கையைப் பக்கவாட்டில் ஏறத்தாழ 55 பாகையும், சற்று முன்னோக்கியும் கொண்டு வாருங்கள். மூட்டுறை மிகத் தளர்ந்திருக்கும் நிலை அது. அந்த அளவு இயலாதவருக்கு, நோவின்றி எட்டும் இடமே தொடக்க நிலை. அவருடைய முன்கையை உங்கள் விலாவுக்கும் கைக்கும் இடையில் அணைத்துக்கொள்ளுங்கள். கை தாங்கப்படுகிறது என்ற நம்பிக்கை அவருக்கு வந்தால்தான் தசை தளரும்.

இனி மறு கையின் உள்ளங்கை அடியை மேற்கை என்பின் தலையின் முன்பக்கத்தில் வையுங்கள். தோளின் முன்முனை விளிம்பைத் தடவி, அதற்குச் சற்றுக் கீழே வெளிப்புறமாக வந்தால் உருண்டையாக அது கைக்குப் படும். இன்னும் உட்புறமாகச் சென்றால் தோள்பட்டை என்பின் காக்கை மூக்கு போன்ற கூர்முனையில் அழுத்திவிடுவீர்கள். அது நல்ல தோளிலும் நோகும் இடம் என்பதால், நோயாளி சுருங்கினால் முதலில் கையின் இடத்தைச் சந்தேகியுங்கள். மூட்டை மெல்ல வெளியே இழுத்து இடைவெளி கொடுத்த பின், பின்னோக்கியும் சற்று வெளிநோக்கியும் அழுத்துங்கள். தோட்குழி நேர் பக்கமாக நோக்காமல் முன்புறம் சாய்ந்து நோக்குவதால்தான் இந்தச் சாய்வு தேவைப்படுகிறது. உங்கள் முழங்கையை நேராக்கி உடல் எடையால் அழுத்துங்கள். விரல் பலத்தால் அழுத்துகிறவரின் பெருவிரல் மூட்டு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்.

முப்பது விநாடி முதல் ஒரு நிமிடம் வரை ஒரு சுற்று, மூன்று முதல் ஐந்து சுற்றுகள். சுற்றுகளுக்கு இடையே கையைத் தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். சீற்றம் குறைந்தவருக்கு, எட்டக்கூடிய வெளிச்சுழற்சியின் எல்லையில் கையை வைத்து அங்கேயே நிலையாக அழுத்திப் பிடிப்பது அதிகப் பலன் தருகிறது.

உடனே மீண்டும் வெளிச்சுழற்சியை அளந்து பாருங்கள். ஐந்து பாகைக்குக் குறைவான மாற்றத்தைக் கோணமானியின் பிழையாகவே கருதுங்கள். மாற்றம் வந்தால் அடுத்த முறை அதையே தொடருங்கள். வராவிட்டால் நிலையையோ, திசையையோ, தரத்தையோ ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று ஒருபோதும் தெரியாது. மூன்று நான்கு வருகைக்குப் பின்னும் அளவு நகரவில்லையென்றால், தோளைக் குறைகூறாமல், முதல் நாள் எழுதிய ஊகங்களின் இரண்டாம் வரியைப் படியுங்கள்.

ஆறாம் படி: வீட்டில் நடப்பது

குச்சவெளியிலிருந்தோ வெருகலிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவரிடம் வாரம் மூன்று முறை வாருங்கள் என்று சொல்வது சிகிச்சைத் திட்டமாகாது. ஒரு நாள் கூலி போகிறது என்பதும் உங்கள் சிந்தனையில் சேர வேண்டிய ஒரு காரணியே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வரக்கூடியவருக்கு, நம் கை செய்வதைவிட அவருடைய கை வீட்டில் செய்வதே முக்கியம்.

படுத்தபடி தும்புத்தடியின் பிடியை இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் நோவுள்ள கையை வெளியே தள்ளச் சொல்லுங்கள். மேசையில் துணியை விரித்து அதன்மேல் கையை முன்னால் வழுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம், இழுவையை உணரும் வரை செய்து, முகம் சுளிக்கும் முன் நிறுத்த வேண்டும். இரண்டு பயிற்சியே போதும். எட்டுப் படம் அச்சிட்ட தாளைக் கொடுத்தால் எதுவும் நடக்காது. இரவில் மல்லாந்து படுக்கும்போது முழங்கையின் கீழ் ஒரு தலையணை வைத்தால் பலருக்கு முதல் வாரத்திலேயே உறக்கம் சற்றுத் திரும்புகிறது.

பயிற்சிக்கு முன் வெப்பம் நல்லது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் தோளுக்கு நீர் ஊற்றிக்கொண்டால் கை லேசாகிறது என்று நம்மவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, வெப்பம் நோவைத் தணித்துத் தசையைத் தளர்த்துகிறது. ஆனால் அந்த லேசான நேரத்தில் கையை அசைக்காவிட்டால் மூட்டுறைக்கு எந்த மாற்றமும் வராது. நீரிழிவால் உணர்வு மங்கியவர்கள் சுடுநீர்ப் போத்தலால் தோலைச் சுட்டுக்கொள்வதால், வேறொருவர் தொட்டுப் பார்த்த பின்னரே வைக்கச் சொல்லுங்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுவிட்டு வருகிறவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். எண்ணெய் தடவுவதால் கெடுதல் இல்லை, ஆனால் சீறும் தோளை வலிந்து திருப்ப எவருக்கும் இடம் கொடுக்க வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள். நாம் செய்யும் வலிந்த திருப்பலுக்கும் அதே விதிதான்.

சிகிச்சையின் அளவு சரியா என்பதை மறுநாள் காலை சொல்லும். கூடிய நோ சில மணி நேரத்தில் அடங்கி வழக்கம்போல் உறங்கியிருந்தால் அதே அளவைத் தொடரலாம், அன்றிரவு உறக்கம் கெட்டிருந்தால் ஒரு தரம் இறங்குங்கள்.

எவ்வளவு காலம், எப்போது அனுப்புவது

"தானாக மாறிவிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். 2008இல் ஒக்ஸ்போர்டிலிருந்து வெளியான, சராசரியாக 4.4 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 59 சதவீதத்தினரின் தோளே இயல்பாகவோ அதை ஒட்டியோ இருந்தது. பெரும்பாலான மற்றவர்களுக்கு லேசான நோவோ இறுக்கமோ எஞ்சியிருந்தது. "மாதக் கணக்கில் ஆகும், ஆனால் நோ முதலில் குறையும், அசைவு அதன் பின்னால் வரும்" என்று நோயாளியிடம் உண்மையைச் சொன்னால் அவர் பொறுத்திருப்பார்.

சீற்றம் அதிகமாக இருந்து உறக்கமே இல்லையென்றால், காத்திராமல் மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி பற்றி மருத்துவருக்கு எழுதுங்கள். தொடக்க காலத்தில் அது நோவைக் குறைத்து நம் கைக்கும் வழி திறந்துவிடும். நீரிழிவு உள்ளவருக்குச் சில நாள்கள் சீனி ஏறும் என்பதை நோயாளிக்கும் கடிதத்திலும் தெரிவியுங்கள். பல மாதங்கள் முறையாகச் செய்தும் அசைவு நகராதவரை எலும்பியல் நிபுணரிடம் அனுப்புங்கள்.

அனுப்பும் கடிதத்தில் "தோள்நோ, இயன்மருத்துவம் பலனளிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதாதீர்கள். வெளிச்சுழற்சி முதல் நாள் 15 பாகை, எட்டாம் வாரம் 20 பாகை, இரவு நோ எட்டிலிருந்து மூன்று, கழுத்து இயல்பு, தசைப் பலம் முழுமை, இன்னும் சட்டைக் கொக்கியை மாட்ட முடியவில்லை என்று எழுதுங்கள்.